வெளிச்சவீட்டில் ஓர் ஆடு

திரையின் மேல்பாதியில் ஒரு படம் இருக்கும். கடல், கற்பாறை, அதன்மேல் வெள்ளை நிறத்தில் ஒரு வெளிச்சவீடு. நாலைந்து நிறங்களுக்கு மேல் கிடையாது. அலைகள் எல்லாம் அரிவாளால் நறுக்கியதுபோலப் பல்லுப் பல்லாக நிற்கும். கீழ்ப்பாதி முழுவதும் கறுப்பு. அந்தக் கறுப்பில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி தோன்றும்: இனி என்ன செய்யப் போகிறாய்? கேள்விக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பச்சைக் கோடு விட்டு விட்டு மின்னியபடி எங்கள் பதிலுக்காக நிற்கும். நான் முதன்முதலாகப் பார்த்த கணினி விளையாட்டு அதுதான். வவுனியாவில், குருமன்காட்டுச் சந்திக்குக் கிட்ட, மாமாவின் கடையில், மச்சாளின் தோளுக்கு மேலால் எட்டி நின்று பார்த்தேன்.

இப்போது எனக்கு நாற்பது கடந்துவிட்டது. கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் வேலை, வீடு, இரண்டு பிள்ளைகள். விடுமுறை நாட்களில் பின்னேரம் தேத்தண்ணீரோடு கணினியின் முன் உட்கார்ந்தால், மகன் சிரித்துக்கொண்டு போவான். அவனுடைய விளையாட்டுகளில் போக வேண்டிய இடத்தை ஓர் அம்புக்குறியே காட்டிவிடுகிறது. மலையும் காடும் புகைப்படம்போல இருக்கின்றன. நானும் அவற்றை விளையாடுகிறேன், ரசிக்கிறேன், குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் பழைய விளையாட்டுகளைத் தேடித் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். வழியை யாரும் காட்டாத விளையாட்டுகள் அவை. ஒரு பூட்டிய கதவுக்கு முன்னால் கிழமைக்கணக்காக நிற்க வைப்பவை. அப்படி நிற்பதில் ஒரு சுகம் இருக்கிறது என்று எனக்குக் காட்டித் தந்தவள் மச்சாள்தான். அவளைப்பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அவள் என் அம்மாவின் தமையனுடைய மகள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். நான் அவளை மச்சாள் என்று கூப்பிடுவேன், அவளும் என்னை மச்சாள் என்றே கூப்பிடுவாள். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று கடைக்கு வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள். இரண்டு குடும்பங்களும் முரசுமோட்டையில் பக்கத்துப் பக்கத்துக் காணிகளில் இருந்து நெல் விதைத்தவை. தொண்ணூற்றாறில் சண்டையால் இடம்பெயர்ந்து, காடுகளுக்குள்ளும் பள்ளிக்கூடங்களுக்குள்ளும் மாறி மாறி இருந்து, கடைசியில் வவுனியாவுக்கு வந்து சேர்ந்தோம். வந்த இடத்தில் மாமா ஒரு கொமினிக்கேசன் தொடங்கினார். முன்பக்கத்தில் இரண்டு தொலைபேசிப் பெட்டிகள், வெளிநாட்டு அழைப்புக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு நீள வாங்கு. பின்பக்கத்தில், மறைப்புக்கு அப்பால், கொழும்பிலிருந்து பழசாக வாங்கி வந்த ஒரு கொம்பியூட்டர். மச்சாளும் நானும் அதில் விண்ணப்பங்களும் கலியாண அழைப்பிதழ்களும் தட்டச்சுச் செய்து கொடுத்தோம்.

மச்சாள் படிப்பில் கெட்டிக்காரி. ஆனால் அவளுடைய காரியங்கள் எல்லாம் பாதியில் நின்றவை. வயலின் பழகத் தொடங்கினாள், பழக்கிய ரீச்சர் ஊரைவிட்டுப் போய்விட்டார். மாமா அவளுக்கென்று கட்டிய வீடு கூரை மட்டத்துக்கு வந்தபோது நாங்கள் எல்லோரும் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். அந்த வருடம் அவள் உயர்தரப் பரீட்சை எழுத இருந்தவள். புத்தகங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நடந்தாள், பரீட்சை எழுதவில்லை. அடுத்த முறை மல்லாவியில் எழுதப் போனாள். மூன்றாம் நாள் மலேரியாக் காய்ச்சல் வந்து, மண்டபத்தில் மேசையிலேயே தலையைச் சாய்த்துவிட்டாள். தூக்கிக்கொண்டு வந்தார்கள். இனி எழுதினால் அதுதான் கடைசித் தடவை. பல்கலைக்கழகம் போக நினைப்பவர்களுக்கு மூன்று தடவைக்கு மேல் வாய்ப்பில்லை. அதனாலேயே அவள் விண்ணப்பிக்காமல் இருந்தாள். மாமாவும், இருப்பதே போதும் என்று, வற்புறுத்தவில்லை. "காணும் பிள்ளை. எல்லாரும் உயிரோட வந்து சேர்ந்திட்டம். அது காணும்," என்பார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் மச்சாள் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னாள்: "எனக்கு ஒண்டையும் முடிச்சுப் பழக்கமில்லை மச்சாள். துடங்கிறது மட்டும்தான் என்ர வேலை."

அந்த விளையாட்டை முதல் கண்டதும் அவள்தான். கொழும்பில் அந்த மெசினை வைத்திருந்தவர் யாரோ அழிக்காமல் விட்டிருக்கிறார். ஒரு மத்தியானம் வேலை இல்லாமல் கோப்புகளைத் திறந்து திறந்து பார்த்தபோது, பெயர் விளங்காத ஒன்றை அழுத்தினாள். திரை கறுத்தது. கொம்பியூட்டரைப் பழுதாக்கிவிட்டோம் என்று இரண்டு பேரும் விறைத்துப்போய் நின்றோம். பிறகுதான் அந்தக் கடலும் வெளிச்சவீடும் மெல்ல மெல்ல, கோடு கோடாக வந்தன.

கதை இதுதான். நீ ஒரு தீவில் கரையொதுங்கியிருக்கிறாய். வெளிச்சவீட்டுக் காவலாளியைக் காணவில்லை. விளக்கு அணைந்து கிடக்கிறது. தூரத்தில் ஒரு கப்பல், நிறைய ஆட்களோடு, பாறையை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. விளக்கைக் கொளுத்தினால் அவர்கள் தப்புவார்கள். செய்யவேண்டியதை ஒன்றிரண்டு ஆங்கிலச் சொற்களில் அடிக்க வேண்டும். கதவைத் திற. ஏணியில் ஏறு. விளங்கினால் கணினி செய்து காட்டும். விளங்காவிட்டால், அது எனக்கு விளங்கவில்லை என்று பணிவாகச் சொல்லும். எங்கள் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம். மச்சாளிடம் ஓர் அகராதி இருந்தது. இடப்பெயர்வில் மழைக்குள் அகப்பட்டு, கடைசிப் பக்கங்கள் கூழாகிப் போன அகராதி. அதை மடியில் வைத்துக்கொண்டு, கதவில் 'திற' பலிக்காவிட்டால் 'தள்ளு', 'தள்ளு' பலிக்காவிட்டால் 'இழு' என்று ஒவ்வொன்றாக அடித்துப் பார்ப்பாள். கதவு திறக்கும்போது அவளுடைய முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்க்கவே நான் என் தட்டச்சு வேலையை அவசரமாக முடிப்பேன்.

பாதித் தீவைக் கடந்த பிறகு அந்த ஆடு வந்தது. விளக்குக்கான எண்ணெய் நிலவறையில் இருக்கிறது. நிலவறை பூட்டியிருக்கிறது. அந்தப் பூட்டின் திறப்போ ஓர் ஆட்டின் கழுத்தில் தொங்குகிறது. ஆடு பாறைமேல் நின்று எங்களைப் பார்க்கும். பிடி என்று அடித்தால் தாவி ஓடிவிடும். துரத்தினாலும் ஓடும், கூப்பிட்டாலும் ஓடும். பாடு என்று அடித்தோம். உன் பாட்டு ஆட்டுக்குப் பிடிக்கவில்லை என்று பதில் வந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பில் முன்பக்கத்தில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த மனுசி பயந்துபோனார். புல்லைப் பிடுங்கி நீட்டினோம். ஆடு தூரத்தில் நின்று பார்க்கிறது என்று மட்டும் வந்தது. மச்சாள் அகராதியின் முதல் எழுத்திலிருந்து தொடங்கி, ஒரு வினைச்சொல் விடாமல் அந்த ஆட்டின்மேல் போட்டுப் பார்த்தாள். மாதங்கள் போயின. அகராதி கூழான இடத்தில் முடிந்துபோனது. ஆடு அசையவில்லை.

மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "உந்த ஆட்டைப் பிடிக்கிறதுக்கு என்ர கரண்ட் எரியுது," என்று மறைப்புக்கு வெளியே நின்று சொல்லுவார். மச்சாளும் சோர்ந்துவிட்டாள். ஒருநாள் அகராதியை மூடி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, "இதுவும் இவ்வளவுதான்," என்றாள். வயலினுக்கும் பரீட்சைக்கும் பக்கத்தில் ஆட்டையும் அவள் வைத்துவிட்டாள் என்று எனக்கு விளங்கியது. எனக்கு அழுகை வந்தது. ஒரு விளையாட்டுக்காக அழுவதா என்று வெட்கமாகவும் இருந்தது. "நீ விட்டாலும் நான் விடமாட்டன்," என்று சொல்லி, அவளுடைய கதிரையில் நான் உட்கார்ந்தேன். என்ன செய்வதென்று எனக்கும் தெரியாது. ஆனால் அவள் எழும்பிப் போகாமல் பக்கத்திலேயே நின்றாள்.

அன்று கடையில் நல்ல கூட்டம். கனடாவிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் அழைப்பு வரும் என்று ஆட்கள் வாங்கு நிறைய இருந்தார்கள். ஒரு பெரியவர் அடிக்கடி எழும்பி வந்து கேட்க, மாமா வழக்கம்போலச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கொஞ்சம் பொறுங்கோ ஐயா. லைன் வரும். பொறுங்கோ." ஒரு நாளில் அந்தச் சொல்லை அவர் எத்தனை தடவை சொல்வார் என்று அவருக்கே தெரியாது. எங்களுக்கும் அது காதில் விழுவதில்லை. அன்று மச்சாளின் காதில் விழுந்தது. என் தோளைப் பிடித்து, "எழும்பு, எழும்பு," என்றாள். கதிரையில் உட்கார்ந்து, புல்லை நீட்டி, பிறகு அகராதியின் கூழான பக்கங்களில் போய்விட்ட ஒரே ஒரு சொல்லை அடித்தாள். பொறு.

ஆடு ஓர் அடி கிட்ட வருகிறது என்று வந்தது.

அவள் திரும்பவும் அடித்தாள். ஆடு இன்னும் கிட்ட வந்தது. மறுபடியும் அடித்தாள். ஆடு உன் கையிலிருந்து புல்லைத் தின்கிறது. மச்சாள் திறப்பை எடுத்தாள். பிறகு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நாங்கள் எவ்வளவு காத்திருந்தவர்கள். அரிசிக்கு, மண்ணெண்ணெய்க்கு, பயணப் பாஸுக்கு, பஸ்ஸுக்கு, கடிதத்துக்கு என்று வாழ்க்கையே வரிசையில் கழிந்தது. ஆனால் காத்திருப்பதும் ஒரு செயல் என்று எங்கள் இருவருக்கும் அதுவரை தோன்றவேயில்லை. அது எங்கள்மேல் மற்றவர்கள் சுமத்தியது என்றுதான் நினைத்திருந்தோம். மச்சாள் அதைத் தன் விரலாலே, தன் விருப்பத்தோடு அடித்தாள், பலித்தது.

மாமா எட்டிப் பார்த்தார். "என்ன சத்தம்?"

"ஆடு வந்திட்டுது அப்பா. நீங்கள்தான் சொல்லித் தந்தனீங்கள்."

மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மகள் அப்படிச் சிரித்து அவர் கண்டு கன காலம். அதற்குப் பிறகு அவர் கரண்ட்டைப்பற்றிக் கதைக்கவில்லை. ஆட்கள் குறைந்த நேரங்களில் மறைப்பை விலக்கி, "கப்பல் எங்க நிக்குது?" என்று கேட்கத் தொடங்கினார்.

பிறகு சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. மாமா கடைக்குப் புது மெசின் ஒன்றுக்குச் சொல்லியிருந்தார். பழசை மாற்றி எடுக்கிற ஏற்பாடு. அடுத்த கிழமை வரும் என்றார்கள். ஆனால் லொறி சொன்ன நாளுக்கு முன்னமே, ஒரு முற்பகல் வந்து கடை வாசலில் நின்றுவிட்டது. புது மெசினை இறக்கினார்கள். லொறிக்காரத் தம்பி பழசை ஏற்றவேண்டும். ஆமிக்காரர் வீதியை மூடுவதற்கு முன் மதவாச்சியைத் தாண்டிவிட வேண்டும் என்று அவசரப்பட்டார். பழைய மெசினில் இருந்த விளையாட்டைப் புதியதற்கு மாற்றப் பார்த்தோம். டிஸ்க் போடும் இடம் எப்போதோ பழுதாகிக் கிடந்தது. அன்றைக்கு முடிக்காவிட்டால் இனி முடிக்கவே முடியாது.

நாங்கள் கடைசிக் கட்டத்தில் நின்றோம். எண்ணெய் ஊற்றியாகிவிட்டது, நெருப்பும் கிடைத்துவிட்டது. விளக்கைக் கொளுத்தினால் எரிகிறது. ஆனால் வெளிச்சம் கடலுக்குப் போகவில்லை, கண்ணாடி மங்கலாக இருக்கிறது என்று வருகிறது. துடைத்தால் சூட்டில் வெடித்துவிடுகிறது. கப்பல் பாறையில் மோதுகிறது. சேமித்து வைத்த இடத்திலிருந்து திரும்பவும் தொடங்க வேண்டும். நாலைந்து தடவை அந்தக் கப்பலை நாங்கள் மூழ்கடித்தோம். மச்சாளின் நெற்றியில் வியர்வை. அப்போது பார்த்துக் கரண்ட் நின்றது.

மின்விசிறி சுற்றி ஓய்ந்த சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. லொறிக்காரர் உள்ளே வந்தார். "சரிதானே அண்ணை, இனிக் கழட்டுவம்," என்றார். மச்சாள் கதிரையைவிட்டு எழும்பவில்லை. அழவும் இல்லை. கறுத்த திரையைப் பார்த்தபடி, "நான் இதை முடிக்கவேணும் அப்பா," என்றாள். அவ்வளவுதான். மாமா அவளை ஒருதரம் பார்த்தார். பிறகு லொறிக்காரரின் தோளில் கையை வைத்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "கொஞ்சம் பொறும் தம்பி. கப்பல் இன்னும் கரை சேரேல்லை."

லொறிக்காரர் எந்தக் கப்பல் என்று கேட்பதற்குள் மாமா வெளியே போய்விட்டார். பக்கத்துக் கூல்பாரில் ஐஸ்கிறீம் பெட்டிக்கு ஒரு ஜெனரேற்றர் ஓடும். அந்த முதலாளியோடு மாமாவுக்கு வேலித் தகராறு ஒன்று இருந்து, கதை பேச்சில்லை. அன்று அந்த மனிதரிடம் போய் என்ன சொன்னாரோ தெரியாது. திரும்பி வரும்போது ஒரு நீள வயரை இழுத்துக்கொண்டு வந்தார். பின்னால் கூல்பார் முதலாளியே மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

திரை வந்தது. கடல் வந்தது. நாங்கள் இருவரும் அந்த மங்கல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். திடீரென்று ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தோம். கரண்ட் இல்லாத அத்தனை வருடங்களில், பொழுதுபடுவதற்கு முன் எங்கள் இருவருக்கும் இருந்த வேலை ஒன்றேதான். சாம்பலும் துணியும் எடுத்து லாம்புச் சிமினிக் கண்ணாடிகளைத் துடைத்து வைப்பது. கொளுத்திய பிறகு யாராவது சிமினியைத் துடைப்பார்களா?

"கொளுத்த முதல் துடைக்கவேணும்," என்றேன் நான். அவள் அதற்குள் அடிக்கத் தொடங்கிவிட்டாள். கண்ணாடியைத் துடை. கண்ணாடி பளிச்சிடுகிறது. விளக்கைக் கொளுத்து. வெளிச்சம் கடல்மேல் விழுகிறது. பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. பொறு என்று அடித்தாள்.

கப்பல் திரும்புகிறது.

படம் மாறியது. அதுவரை காணாத ஒரு படம். அதே பல்லுப்பல்லான கடலில் கப்பல் பாறையைக் கடந்து போகிறது. அதன் கீழே எழுத்துகள் வந்தன. மச்சாள் அதை ஒவ்வொரு சொல்லாக வாசித்துத் தமிழில் சொன்னாள். கப்பலில் இருந்த எல்லோரும் சுகமாகக் கரை சேர்ந்தார்களாம். தங்களைக் காப்பாற்றியது யார் என்று அவர்களுக்குத் தெரியாதாம். அதற்குக் கீழே, நடுவில், முற்றும் என்ற சொல். அவள் விரலால் அந்தச் சொல்லைத் தொட்டாள். "முடிஞ்சுது," என்றாள். வாங்கில் இருந்தவர்கள், லொறிக்காரர், கூல்பார் முதலாளி என்று எல்லோரும் மறைப்பைத் தாண்டி வந்து நின்றார்கள். யாரோ கைதட்டினார்கள். பாதிப்பேருக்கு என்ன நடந்ததென்றே தெரியாது, ஆனாலும் தட்டினார்கள். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சரி தம்பி, இனி ஏத்தும்," என்றார்.

லொறி போன பிறகு, மச்சாள் அந்த வெறும் மேசையின் முன் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழும்பி, முன்பக்கம் போய், மாமாவிடம் சொன்னாள்: "நான் இந்தமுறை சோதினை எடுக்கப்போறன் அப்பா." மாமா வழக்கமான பதிலைச் சொல்ல வாயெடுத்தார். 'காணும்' என்ற அந்தச் சொல் உதடுவரை வந்ததை நான் பார்த்தேன். அவர் அதை விழுங்கிவிட்டு, "எடு பிள்ளை," என்றார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவள் படித்தாள். கடை வேலையை நான் பார்த்தேன். புது மெசினில் விளையாட்டு ஒன்றும் இருக்கவில்லை. என்னைக் கேள்வி கேட்க வைத்து விடைகளை வாய்விட்டுச் சொன்னாள், தெரியாத இடத்தில் சோர்ந்துபோகாமல் வேறு வழியால் திரும்பவும் வந்தாள். பரீட்சை தொடங்கியதும் மாமி ஒவ்வொரு நாளும் அவளுடைய நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்துத்தான் அனுப்பினார். மூன்றாம் நாளில் நாங்கள் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் அன்று நடந்தே வீட்டுக்கு வந்து, சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

கடைசிப் பாடத்தன்று மாமா கடையைப் பூட்டினார். அந்தக் கடை தொடங்கிய நாளிலிருந்து அவர் ஒரு வேலை நாளில் பூட்டியதில்லை. நானும் அவரும் பரீட்சை மண்டபத்தின் வாசலில், ஒரு வேப்பமரத்துக்குக் கீழே நின்றோம். மணியடித்தது. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மச்சாளைக் காணவில்லை. மாமாவின் முகம் கறுத்தது. கூட்டம் வடிந்து, வாசல் வெறிச்சோடிய பிறகு அவள் வந்தாள். விரல்களில் மை. எந்த அவசரமும் இல்லாத நடை.

"எழுதி முடிச்சியோ?" என்று கேட்டார் மாமா.

"ஓம் அப்பா. எல்லாக் கேள்வியும். எல்லாரும் போகட்டுமெண்டு கொஞ்சம் இருந்திட்டு வந்தனான். மண்டபம் வெறுமையா எப்பிடி இருக்குமெண்டு பாக்க ஆசையா இருந்தது."

பெறுபேறு பிறகு வந்தது. நன்றாகவே வந்தது. அவள் பல்கலைக்கழகம் போனாள், பட்டம் எடுத்தாள், இன்று ஒரு பெரிய பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். அந்தப் பெறுபேறு வந்த நாளை எங்கள் வீட்டில் யாரும் பெரிதாகக் கொண்டாடியதாக எனக்கு நினைவில்லை. கொண்டாட்டம் முன்னமே முடிந்துவிட்டது. கடைசிப் பாடம் எழுதிய அன்றைக்கே மாமி சேவல் அடித்துக் குழம்பு வைத்திருந்தார். மாமா அவளைச் சைக்கிள் பாரில் ஏற்றினார். இருபத்துமூன்று வயதுப் பெண்ணை, பட்டப்பகலில், சந்தி வழியாக. "விடுங்கோ அப்பா, ஆக்கள் பாக்கினம்," என்று அவள் சொல்லச் சொல்ல, மாமா மணியை அடித்து அடித்து மிதித்துக்கொண்டு போனார். நான் பின்னால் ஓடினேன்.